பன்னிரண்டாவது கால்

மாரியம்மன் துணை

சிரம்பான் ஆஸ்பத்திரி,
ஈஸ்டர் முடிந்த திங்கள், சாயங்காலம்.

அன்பு மகன் வசந்தனுக்கு அம்மா எழுதுவது. அந்த நியூசிலாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய், உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதற்கு எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுத முடியவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் என் வலது காலில் இரண்டு விரலை எடுக்கப் போகிறார்கள். பெருவிரலுக்குப் பக்கத்து விரலும் அதற்கு அடுத்ததும். அதோடு நின்றுவிட்டால் நல்லது, விஷம் மேலே ஏறியிருந்தால் முட்டிக்குக் கீழே வரைக்கும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். எனக்கு வலி ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடமே. நேற்று நீ போன் பண்ணும்போது பின்னால் என்னம்மா சத்தம் என்று கேட்டாய், டிவி என்றேன். டிவி இல்லை, வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று இப்போது கத்துவாய். போனில் நான் கால்வாசி சொல்வதற்குள் நீ முக்கால்வாசியைக் கேள்வியாகக் கேட்டுவிடுவாய். எழுதினால் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகணும். பக்கத்து வீட்டுப் பிலோமினா ராத்திரிச் சாப்பாடு கொண்டுவருவாள், அவள் தன் போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, கையில் தண்ணி ஏற்றுகிற ஊசி குத்தியிருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். போன ஆடியில் உன் அப்பா போய், நீ பதினாறாம் நாள் காரியம் முடித்து விமானம் ஏறியதிலிருந்து நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடித்துவைத்துக்கொள்ளவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்திருக்கிறேன், தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறேன், அது கொதித்து வற்றிப் பாத்திரம் அடிப்பிடிக்கிற வரைக்கும் அடுப்புக்கு முன்னாலேயே நிற்கிறேன். மாத்திரை போடுகிற நாள் போடுகிறேன், மறக்கிற நாள் மறக்கிறேன். யாராவது வந்து பசியாறிட்டியா நீலா என்று கேட்டால் ஆச்சு என்கிறேன், ஆச்சா என்று எனக்கே தெரியாது. கோயில் பக்கம் போனால் மனசு கொஞ்சம் இளகும் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. நம் வீட்டில் இன்னும் வருஷம் திரும்பவில்லை பார். தைப்பூசத்துக்குக் கூப்பிடவில்லை, மாரியம்மன் திருவிழாவுக்கும் கூப்பிடவில்லை, பின் வரிசை வீடுகளில் ரெண்டு கல்யாணம், பத்திரிகை வைக்கிறவர்கள் நம் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். திருவிழாத் தோரணம் பின்னுவதற்கு முன்பெல்லாம் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், இந்த வருஷம் கடையில் வாங்கின பிளாஸ்டிக் தோரணம் கட்டினார்களாம். யாரையும் குறை சொல்லவில்லை, முறை அப்படி. கோபம் கூட வரவில்லை எனக்கு, நீ பார்த்த அம்மாவா இது என்று நீயே கேட்பாய்.

அப்படி இருக்கும்போதுதான் பிலோமினா வந்து நின்றாள். அவளை உனக்குத் தெரியும், ஸ்கூல் வேன் ஓட்டுகிற புனிதனின் பெண்டாட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே நம் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவாளே அவள்தான். அக்கா, எங்களுக்குக் குருத்து ஞாயிறு வருது, ஓலையில சிலுவை பின்னணும், வாசலுக்குத் தோரணமும் வேணும், எங்க ஆளுங்களுக்கு ஓலையக் கிழிக்கத்தான் தெரியும், வாங்கக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எங்க வீட்டுல வருஷம் திரும்பலயேடி என்றேன். எங்க கோயில்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேணும் வசந்தா, எனக்கு அது இல்லை, அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அவர்கள் கோயில் எங்கே இருக்கிறது தெரியுமா, சுவா ஊருக்குப் போகிற ரோட்டில் இறங்கி எண்ணெய்ப் பனைக்குள்ளே நடந்தால் பழைய ஆயாக்கொட்டகை வரும், நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது உன்னை விட்டுவிட்டுப் போவேனே, நீ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாயே, அதுதான் இப்போது சூசையப்பர் கோயில். வெள்ளை பெயின்ட் அடித்து, சிங்க் தகரக் கூரையைப் புதுசாக மாற்றி, உள்ளே நாலைந்து விசிறி மாட்டியிருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பம் கொஞ்சம்தான், மீதிப் பாதி பனங்குலை வெட்ட வந்திருக்கிற இந்தோனேசியாக்காரர்கள். அவர்களிலும் இத்தனை வேதக்காரர்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், புளோரஸ் என்று ஒரு தீவாம். பாட்டு ஒன்று தமிழில் பாடினால் அடுத்தது மலாயில், இவர்கள் பாட்டை அவர்கள் பாடுகிறார்கள், அவர்கள் பாட்டை இவர்கள் பாடுகிறார்கள், அர்த்தம் தெரிந்து பாடினார்களோ என்னவோ சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. பூசை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மேசையைத் தூக்கிப் போட்டு மீகூன் கோரிங்கும் சுண்டலும் சாப்பிட்டார்கள். என் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்கள், புதுசாக வந்த ஆள் என்று. நான் பின்னின தோரணத்தைத் தலை தட்டையான சின்ன ஆணியால் வாசல் சட்டத்தில் குத்திக்கொண்டிருந்தார்கள், காகிதத்தைப் பலகையில் குத்துவார்களே அந்த ஆணி, டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நன்றாயிருக்கு நன்றாயிருக்கு என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதே. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

மூன்று நாளைக்கெல்லாம் புனிதன் வந்தான். அவர்களுக்குப் பெரிய வியாழன் என்று ஒரு நாள், இயேசு சாவதற்கு முந்தின ராத்திரி தன் சிஷ்யர்கள் காலைக் கழுவினாராம், அதனால் பாதரும் பூசை நடுவில் பன்னிரண்டு பேர் காலைக் கழுவணும். எப்போதும் பட்டணத்துக் கோயிலில்தான் நடக்கும், இந்த வருஷம்தான் முதல் தடவையாக இந்தச் சின்னக் கோயிலுக்கும் பாதர் வந்து செய்வதாக ஒத்துக்கொண்டாராம். பன்னிரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தான், கடைசி நேரத்தில் கிழவர் சவரிமுத்து கிறுகிறுப்பு வந்து படுத்துவிட்டார். அக்கா, ஒரு கால் குறையுதுக்கா, நீங்க வந்து உக்காருங்க என்கிறான் என்னிடம். எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும், வரவில்லை. நான் உங்க வேதம் இல்லையேப்பா என்றேன். பாதர்கிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன், கால் இருந்தா போதும்னுட்டாரு என்றான். பொம்பளை காலை ஒரு சாமியார் தொடுவாரா, அதுவும் புருஷன் போனவள் காலை, நல்லாவா இருக்கும் என்றேன். ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கக்கா வரிசையில, நீங்க மூணாவது, வலது கால மட்டும் நல்லா தேச்சுக் கழுவிட்டு வாங்க என்றான். கழுவப் போகிற காலைக் கழுவிக்கொண்டு வரச் சொல்கிறார்களே இதென்ன கூத்து என்று பிலோமினாவிடம் கேட்டேன், எல்லாரும் அப்படித்தான்கா வருவாங்க, அழுக்குக் காலோட யாருக்கு வெக்கமா இருக்காது என்றாள். நானும் சோப்புப் போட்டுக் கழுவினேன். மேலே கழுவினேன், குதிகாலைத் தேய்த்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க இந்த வயிறும் முட்டியும் விடுமா. நல்ல புடவையாக, அந்தச் சாம்பல் நிறத்ததைக் கட்டிக்கொண்டு போனேன்.

முன்னால் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி, நான் கடைசி நாற்காலி. சவரிமுத்து பெண்டாட்டிக்கு மட்டும் தன் புருஷன் நாற்காலியில் நான் உட்கார்ந்தது பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் கீழே இறக்கவில்லை என்று கேள்வி. பாதர் பெயர் இக்னேஷியஸ், உன் வயசுதான் இருக்கும், நம் தமிழ்ப் பையன், பாகான் செராய்ப் பக்கம். மேலே போட்டிருந்த அங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருத்தர் பேசினில் தண்ணி ஏந்த, ஒவ்வொருத்தர் முன்னாலும் முட்டி போட்டுக் கழுவித் துடைத்துக் காலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். முதல் நாற்காலியில் பெத்ருஸ் என்று ஒரு புளோரஸ்காரன், பனங்குலை வெட்டி வெட்டிப் பாதம் பலகை மாதிரி இருந்தது. நான் என் முறை வருவதற்குள் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் என் முன்னால் வந்து மண்டியிட்டுவிட்டார். தலையைக் குனிந்து என் காலைத் தொட்டார். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை, கைதான் போய்விட்டது. என் காலை யார் தொட்டாலும் இந்தக் கை தானாகத் தலைக்குப் போகும், உனக்குத் தெரியுமே. கடைசியாகத் தொட்டது நீதான், ஏர்போர்ட்டில். பாதர் தலையில் கையை வைத்து, நல்லாயிருப்பா, சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணிப் புள்ள குட்டியோட நல்லாயிரு என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் போனில் உனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அவர் சட்டையில் மைக் குத்தியிருந்தது எனக்கு எப்படித் தெரியும். கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே கூடாரத்தில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்டது. கல்யாணமே கட்டக்கூடாத சாமியாருக்கு இப்படி ஒரு ஆசீர்வாதம். அவர்களுக்கு அன்றைக்குத் துக்க நாள் போல, சிரிக்கக்கூடாது, எல்லோரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்கள், ஆர்மோனியப் பெட்டிக்காரன் மட்டும் இருமுகிற மாதிரி ஏதோ செய்தான். பாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சரிங்கம்மா என்றார். அதையும் மைக் சொன்னது.

அப்புறம் காலைத் துடைப்பதற்காகக் கொஞ்சம் தூக்கினார். தூக்கினவர் அப்படியே வைத்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் டக் டக் என்று முடித்தவர் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன், வெள்ளைத் துண்டில் ரத்தமும் சீழுமாக ஒரு கறை. அம்மா, வலிக்கலையா என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், இந்தப் பாழாய்ப்போன மைக் விட்டால்தானே. எது பாதர் என்றேன் நான். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இந்த இனிப்பு நீர் வந்து அஞ்சாறு வருஷமாகப் பாதத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது, சூடு தெரியாது, முள் தெரியாது, அது உனக்கும் தெரியும். விரலுக்குக் கீழே உருண்டையாக இருக்கும் பார், அந்த இடத்தில் ஓட்டையாகிக் கறுத்துப் போயிருந்ததாம். அந்தக் காலை மற்றவர்கள் காலைத் துடைத்த மாதிரியே துடைத்து, முத்தம் கொடுத்துவிட்டுத்தான் கீழே வைத்தார். எனக்குக் கூச்சத்தில் உயிரே போயிற்று, ஐயோ வேண்டாம் பாதர் புண்ணு பாதர் என்கிறேன், அவர் கேட்கவில்லை. அவர் எழுந்து போனதும் ஒரு மிஸ்ஸியம்மா வந்தார்கள், எலிசபெத் மிஸ்ஸி, கோலா பிலா ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாசலில் கழற்றிவிட்ட என் செருப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். செருப்பின் அடியிலிருந்து ஆணி ஏறி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது, தோரணம் குத்தின அதே ஆணி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறேன் வசந்தா. பாசாருக்குப் போயிருக்கிறேன், துணி துவைத்திருக்கிறேன், பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், அடியெடுக்கும்போதெல்லாம் குத்தியிருக்கிறது. மிஸ்ஸி பிடித்தார்கள் பார் ஒரு பிடி, பூசையும் முடியவில்லை ஒன்றும் முடியவில்லை, புனிதனை வேனை எடுக்கச் சொன்னார்கள். கால் தரையில் படக்கூடாது என்று அந்தப் பெத்ருஸ் என்னைப் பனங்குலையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான். மாஆப் இபு, மாஆப் இபு என்று மன்னிப்பு வேறு கேட்டுக்கொண்டே தூக்கினான். ஸ்கூல் பிள்ளைகள் உட்காருகிற வேனில் நீட்டின காலோடு நான், கூட மிஸ்ஸி, வழியெல்லாம் பிலோமினா அழுதுகொண்டே வந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண், தலைமுண்டு கட்டிக்கொண்டு, நல்ல பொறுமை. புண்ணைப் பார்த்துவிட்டு சியாப்பா தெங்ஙோக் காக்கி மாச்சிக் என்று கேட்டாள். தினமும் உங்கள் காலை யார் பார்க்கிறார்கள் அத்தை என்று கேட்கிறாள். நான் யோசிக்கவே இல்லை, என் புருஷன் என்றேன். எழுதிக்கொண்டாள். அப்புறம் திரும்பிப் பார்த்து அவர் எங்கே, வெளியே இருக்கிறாரா, கூப்பிடுங்கள் என்றாள். பிலோமினா வெளியே போய்விட்டாள். அவர் போன வருஷம் இறந்துவிட்டார் என்று நான்தான் மலாயில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, பெற்ற பிள்ளையிடம் சொல்கிற விஷயமா என்று வெட்கம். கிளினிக்கில் ஒரு நாள், இனிப்பு நீர்க்காரர்கள் தினமும் பாதத்தின் அடியைப் பார்க்கணும், குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்க்கணும் என்று சொன்னார்கள். அன்றையிலிருந்து உன் அப்பா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்ப்பார். தோட்டத்தில் ஆள்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்தவர் அல்லவா, மரத்தில் வெட்டுப்பட்டையைப் பார்க்கிற அதே பார்வை. ஆம்பளை பொம்பளை காலைப் பிடிக்கலாமா, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் கத்துவேன். பேசாம இருடி என்று டார்ச்சோடேயே சொல்வார், ஒன்றும் புரியாது. பார்த்து முடித்துவிட்டு, பாஸ், மரம் நல்லாயிருக்கு என்று காலைத் தட்டி இறக்கிவிடுவார். சுங்கை காடுட் ஃபேக்டரியில் ராத்திரிக் காவல் வேலை இருந்த நாளில் கூட அதை முடித்துவிட்டுத்தான் மோட்டாரை எடுப்பார். அவர் போன பிறகு காலைப் பார்க்கணும் என்கிற ஞாபகமே எனக்கு வரவில்லை. அது அவருடைய வேலை. அவர் செய்கிற வேலையை நான் எப்போதும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ரொம்பத் துக்கமான நாள், அன்றைக்குக் கோயிலில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்களாம், ஒரு தூக்கு நிறைய எனக்கும் வந்தது. சனிக்கிழமை மிஸ்ஸி வந்து நர்ஸுகளை அதட்டிவிட்டுப் போனார்கள். நேற்று ஈஸ்டருக்குக் கலர் அடித்த முட்டையோடு ஒரு கூட்டமே வந்தது, பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மாவுக்கும் எதிர்க் கட்டில் சீனக் கிழவிக்கும் ஆளுக்கு ஒரு முட்டை. பாதரும் வந்தார். நான் போர்வைக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு, அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன் பாதர், மன்னிச்சிருங்க என்றேன். அதுக்கென்னம்மா, புள்ள குட்டிக்கு எனக்கென்ன குறைச்சல், பூசையில கத்துறதெல்லாம் என் புள்ளங்கதான், கல்யாணத்துக்குத்தான் எங்க மேலிடத்து ஆயர் ஒத்துக்க மாட்டாரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் மகனுக்குச் சொல்லிட்டீங்களாம்மா என்று கேட்டார். ஆபரேசன் முடியட்டும் பாதர், வேலை கெட்டுரும் என்றேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிலோமினா சொல்கிறேன் என்று குதித்தாள், சொன்னால் உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று நான்தான் அடக்கிவைத்தேன். நான் வீட்டுக்குப் போன பிறகு எப்படிச் செய்வது என்றும் அவர்களே பேசி வைத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடி ஜெபமாலை சொல்வார்கள், அது முடிந்ததும் ஒருத்தி வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போவாளாம், இன்றைக்கு இவள் நாளைக்கு அவள் என்று. நீ உடனே எங்கம்மாவ வேதத்துல சேக்கப் பாக்குறாங்களா என்று கிளம்பாதே. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் தலைமாட்டில் மாரியம்மன் குங்குமப் பொட்டலத்தை எடுத்து வைத்ததே பிலோமினாதான்.

இன்றைக்குக் காலையில் டாக்டர் வந்து பேனாவால் என் காலில் கோடு போட்டாள். இதுவரைக்கும் எடுப்போம், இது தப்பினால் இங்கே என்று முட்டிக்குக் கீழே இன்னொரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். எடுக்கப் போகிறதில் ஒன்று மெட்டி போட்டிருந்த விரல். மெட்டியைக் கழற்றி இத்தனை மாசம் ஆகியும் அந்த வெள்ளைத் தழும்பு இன்னும் போகவில்லை, கோடு அதற்கு மேலே போனது. கையெழுத்துப் போடச் சொன்னாள், போத்தோங் லா என்று சொல்லிவிட்டுப் போட்டேன், வெட்டிக்கொள் என்று. பாசாரில் மீன் வெட்டச் சொல்கிற மாதிரி சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது வசந்தா. முட்டி வரைக்கும் போகலாம் என்று அவள் முதல் தடவை சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. போகட்டும், அதற்கு மேலேயும் போகட்டும், எல்லாம் ஒரேயடியாக முடிந்தால் நிம்மதி என்றுதான் தோன்றியது. இருக்கணும் என்கிற ஆசையே எனக்குள் இல்லை. இதைப் பிலோமினாவிடம் சொல்லவில்லை, பாதரிடம் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. அந்தப் பாதர் பிள்ளை அன்றைக்கு வலிக்கலையா என்று கேட்டாரே, அதற்குப் பிறகு ராத்திரி படுத்தால் அதுதான் காதில் கேட்கிறது. இத்தனை மாசமாக எல்லோரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள். அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் மத்தியானம் டாக்டர் மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது கூப்பிட்டு, முட்டி வரைக்கும் போகாம பாத்துக்கோ நாக், பாத்துக்கோ மகளே என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முடிந்த வரைக்கும் பார்க்கிறேன் மாச்சிக் என்றாள்.

எழுதிக்கொண்டே போனால் முடியாது, ஊசி போட நர்ஸ் வருகிற நேரம். ராத்திரி வேலை முடிந்து வரும்போது காரை மெதுவாக ஓட்டு, தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதே. பால் மாவு ஃபேக்டரியில் இருந்துகொண்டு வெறும் ரொட்டியைத் தின்னாதே, சோறு வடித்துக்கொள். நம் குடும்பத்தில் இனிப்பு நீர் இருக்கிறது, நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் சோதித்துப் பார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. பிலோமினாவுக்கும் புனிதனுக்கும் போன் போட்டு நீ ஒரு வார்த்தை நன்றி சொல்லணும், அந்தப் பெத்ருஸுக்கும் சொல்லச் சொல்லு. மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள்ளே வைத்துக் காப்பாற்றட்டும், உன் அப்பா எங்கே இருந்தாலும் உன் தலைமேல் கை வைத்துக்கொண்டுதான் இருப்பார், நீ எடுத்ததெல்லாம் விளங்கட்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை வைப்பதற்கு முன்னால் உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்பாய், நேற்றும் கேட்டாய். ஒன்றும் வேண்டாம்ப்பா, பணம் இருக்கு, அரிசி இருக்கு, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லுவேன். எல்லாம் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் நீ வேணும் வசந்தா. வேலை கெட்டாலும் பரவாயில்லை, வா. நீ வருகிறாய் என்று பிலோமினாவுக்கு ஒரு வரி அனுப்பிவிடு, நாளைக் காலையில் என்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அவள் வந்து சொல்லிவிடுவாள்.

உன்னைப் பெற்ற
நீலாவதி அர்ச்சுனன்

பெண்கள் வார்டு, மூன்றாம் மாடி. லிஃப்டிலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஜன்னலோரம் இரண்டாவது கட்டில்.